மனம் சரியில்லை என்று கடிகாரம் சொல்லுமா? வாங்கும் முன் ஓர் ஒப்பீடு

கையில் கட்டும் பட்டை, விரலில் போடும் மோதிரம், நெற்றியில் மாட்டும் வளையம் என்று உடம்பிலிருந்து அளவு எடுக்கும் கருவிகள் இன்று கடைக்குக் கடை கிடைக்கின்றன. முன்பு காலடிகளை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தவை இப்போது 'ஸ்ட்ரெஸ்' என்று ஓர் எண்ணையும் சேர்த்துக் காட்டுகின்றன. வீட்டில் யாருக்காவது மனம் சரியில்லையோ என்று சந்தேகப்படுபவர்கள் அந்த எண்ணை நம்பி வாங்கப் போவதில் ஆச்சரியம் இல்லை. இங்கே சிங்கப்பூரில், புவாங்கோக்கில் இருக்கும் மனநலக் கழகத்தின் வாசலை மிதிப்பதைவிட முஸ்தபா கடையில் நுழைந்து வருவது சுலபம். தெரிந்தவர் யாராவது பார்த்தால்கூட, "புது வாட்சா?" என்றுதான் கேட்பார்கள்.

நான் மருத்துவர் இல்லை. மருத்துவமனைக் கருவிகளைப் பராமரிக்கும் வேலை. அதனாலேயே சொந்தக்காரர்களும் பக்கத்து வீட்டுக்காரர்களும் "எதை வாங்கலாம்?" என்று என்னிடம் வருகிறார்கள். அவர்கள் கேள்வி பெரும்பாலும் எந்தக் கம்பெனி என்பதோடு நின்றுவிடும். எதை அளக்கிறோம் என்பதுதான் அதற்கு முன்னால் வர வேண்டியது. தூக்கமா, இதயத் துடிப்பா, வியர்வையா, மூளை அலையா? ஒவ்வோர் அளவும் ஒவ்வொரு கேள்விக்குப் பதில் சொல்லும். சில அளவுகள் எந்தக் கேள்விக்கும் உருப்படியாகப் பதில் சொல்லாது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடையில் வாங்கி வந்து மனநோயைக் கண்டுபிடிக்கக்கூடிய கருவி எதுவும் இல்லை. மருத்துவரிடம் போகும்போது காட்டுவதற்கு ஒரு பதிவு வேண்டுமென்றால், தூக்கத்தையும் நடமாட்டத்தையும் குறித்துவைக்கும் சாதாரணக் கைப்பட்டை போதும். அதற்கு மேல் செலவழிப்பது வீண். நெஞ்சு படபடப்பு ஒன்றுக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு; அது பின்னால் வருகிறது.

எண் ஒன்று ஏன் கிடைப்பதில்லை

நீரிழிவுக்கு ரத்தத்தில் வரம்பு எண் இருக்கிறது. மனச்சோர்வுக்கு அப்படி எதுவும் இல்லை. மருத்துவர் பேசித்தான் கண்டுபிடிக்கிறார். 9 அறிகுறிகளில் குறைந்தது 5, குறைந்தது இரண்டு வாரம், அநேகமாக எல்லா நாளும் இருக்க வேண்டும். அவற்றில் ஒன்றாவது தளர்ந்த மனநிலையாகவோ எதிலும் நாட்டமின்மையாகவோ இருக்க வேண்டும். தூக்கம், உடல் அசைவின் வேகம் ஆகிய இரண்டையும் கருவி ஓரளவு எட்டிப் பார்க்கலாம். குற்ற உணர்வையும் சாக வேண்டும் என்ற எண்ணத்தையும் எந்த உணரியும் எட்டாது.

இதற்கு ரசாயன வழியில் விடை தேடியவர்கள் உண்டு. 1981இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் பெர்னார்ட் கேரல் குழு ஒரு சோதனையை முன்வைத்தது. இரவு 11 மணிக்கு 1 மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன் மாத்திரை கொடுத்து, மறுநாள் ரத்தத்தில் கார்ட்டிசோல் என்ற மன அழுத்த ஹார்மோன் அடங்கியிருக்கிறதா என்று பார்ப்பது. அடங்காவிட்டால் கடுமையான மனச்சோர்வு என்றார்கள். மனநோய்க்கும் ஆய்வகச் சோதனை வந்துவிட்டது என்று உலகம் முழுக்கப் பேச்சு. பிறகுதான் தெரிந்தது, உடல் எடை குறைந்தவர்களுக்கும் மறதிநோய் உள்ளவர்களுக்கும் குடியை விடுபவர்களுக்கும், ஏன், மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட பதற்றத்தாலேயே சிலருக்கும் அதே முடிவு வருகிறது என்று. பத்தாண்டுக்குள் சோதனை ஓரங்கட்டப்பட்டது. இன்றைக்கு வரும் கருவிகள் எல்லாவற்றையும் நான் இந்தக் கதையை மனத்தில் வைத்துக்கொண்டுதான் பார்க்கிறேன். நோயாளியிடம் ஓர் அளவு மாறியிருப்பது பெரிய விஷயமில்லை. அதே மாற்றம் வேறு எத்தனை காரணத்தால் வரும் என்பதில்தான் சோதனையின் தலைவிதி இருக்கிறது.

கைப்பட்டை: தூக்கம், நடமாட்டம், துடிப்பு

கைப்பட்டையைக் கழற்றித் திருப்பிப் பாருங்கள். பச்சை விளக்கு மினுங்கும். அந்த ஒளி தோலுக்குள் போய்த் திரும்பி வருவதில் ஏற்படும் ஏற்ற இறக்கத்தை வைத்து நாடித்துடிப்பைக் கணக்கிடுகிறது. கூடவே அசைவை அளக்கும் சின்னச் சில்லு ஒன்று. மற்ற எண்கள் அநேகமாக இந்த இரண்டிலிருந்து மென்பொருள் ஊகித்தவை. 'ஸ்ட்ரெஸ்' எண்ணும் பெரும்பாலான பட்டைகளில் அப்படித்தான், துடிப்புக்கும் துடிப்புக்கும் இடையிலான நேர வேறுபாட்டை வைத்துச் சொல்லப்படுகிறது.

இதைச் சிங்கப்பூரிலேயே சோதித்திருக்கிறார்கள். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வேலைக்குப் போகும் 290 பேருக்கு ஃபிட்பிட் சார்ஜ் 2 பட்டையை 14 நாள் கட்டிவிட்டு, மனச்சோர்வுக் கேள்வித்தாளின் மதிப்பெண்ணோடு ஒப்பிட்டார்கள். 2021இல் முடிவு வெளியானது. 80 விழுக்காடு துல்லியம் என்று செய்திகளில் பரவலாக வந்தது அதுதான். ஆனால் அந்த 80, அறிகுறி அநேகமாக இல்லாதவர்களையும் மனச்சோர்வு அபாயம் அதிகம் உள்ளவர்களையும் மட்டும் எதிரெதிரே நிறுத்தியபோது கிடைத்தது. நடுவில் இருப்பவர்களையும் சேர்த்து மொத்தக் குழுவைப் பார்த்தபோது கணினியால் சரியாகப் பிரிக்க முடியவில்லை. கடைக்கு வருபவர்கள் பெரும்பாலும் நடுவில் இருப்பவர்கள்தான் என்பதை யோசித்துக்கொள்ளுங்கள்.

அந்த நல்ல எண்ணையே அப்படியே எடுத்துக்கொண்டாலும் கணக்கு இடிக்கும். நோய் உள்ளவர்களில் 82 விழுக்காட்டினரைப் பிடிக்கிறது, இல்லாதவர்களில் 78 விழுக்காட்டினரைச் சரியாக விட்டுவிடுகிறது. ஓர் அலுவலகத்தில் 1,000 பேர், அவர்களில் 60 பேருக்கு மனச்சோர்வு என்று வைத்துக்கொள்வோம். கருவி 49 பேரைச் சரியாகப் பிடிக்கும். மீதி 940 பேரில் 207 பேருக்குச் சும்மா மணி அடிக்கும். மொத்தம் 256 பேருக்கு எச்சரிக்கை, அதில் ஐந்தில் ஒன்றுதான் நிஜம். விட்டுப்போன 11 பேர் "எனக்கு ஒன்றுமில்லை" என்று நிம்மதியாக இருந்துவிடுவார்கள். எனக்கு அந்த 11 பேரை நினைத்தால்தான் அதிகக் கவலை.

அப்புறம் ஏன் இதையே பரிந்துரைக்கிறேன்? இதன் பலம் நோயைப் பிடிப்பதில் இல்லை, ஞாபகத்தில் இருக்கிறது. மனச்சோர்வில் இருப்பவரிடம் "போன மாதம் எப்படித் தூங்கினீர்கள்?" என்று கேட்டால் இன்றைய மனநிலையை வைத்துத்தான் பதில் வரும். எல்லா நாளும் கெட்டதாகவே தெரியும். கைப்பட்டை மார்ச் மாதத்தில் எத்தனை மணிக்குப் படுத்தார், எப்போதிலிருந்து வெளியே நடப்பது குறைந்தது என்பதைத் தேதியோடு வைத்திருக்கிறது. ஒருவரை ஊரோடு ஒப்பிடுவதில் தோற்றுப்போகும் இந்தக் கருவி, அவரை அவருடைய பழைய மாதங்களோடு ஒப்பிடுவதில் உதவுகிறது.

மனம் சோர்வுக்கும் மிதமிஞ்சிய எழுச்சிக்கும் மாறி மாறிப் போகும் இருதுருவக் கோளாறில் இது இன்னும் பெரிய உதவி. அவர்கள் மருத்துவரிடம் வருவது பெரும்பாலும் சோர்ந்து கிடக்கும்போதுதான். மூன்று நான்கு மாதத்துக்கு முன் தினமும் மூன்று மணி நேரமே தூங்கி, அப்படியும் களைப்பே இல்லாமல் ஊரைச் சுற்றிய நாள்களை அவர்கள் நோயாக நினைப்பதில்லை. "அப்போது நான் நன்றாக இருந்தேன்" என்பார்கள். அந்தக் காலத்தைத் தெரிந்துகொள்ளாமல் மனச்சோர்வு மாத்திரை மட்டும் கொடுத்தால் சிலருக்கு மிதமிஞ்சிய எழுச்சி நிலை கிளம்பிவிடும். தூக்க வரைபடத்தில் அந்த வாரங்கள் பள்ளமாகத் தெரிந்தால், மருத்துவர் அடுத்த கேள்வியைக் கேட்க அது போதும்.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். விழித்தபடி அசையாமல் படுத்திருப்பதை இந்தப் பட்டைகள் தூக்கம் என்றே பல நேரம் எழுதிக்கொள்ளும். விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்புத் தட்டி, விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்பது மனச்சோர்வின் முக்கிய அடையாளம். பட்டை அதற்கு "7 மணி நேரம், நல்ல தூக்கம்" என்று பாராட்டு கொடுத்தாலும் கொடுக்கும். அதனால் தலைமாட்டில் ஒரு நோட்டும் பேனாவும் இருக்கட்டும்.

துடிப்பு வேறுபாட்டைப் பற்றி நம்மவர்கள் தனியாகத் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. மனச்சோர்வில் அந்த வேறுபாடு சற்றுக் குறைவது உண்மைதான். ஆனால் வயதானாலும் குறையும்; நீரிழிவு நரம்பைப் பாதித்தாலும் குறையும்; பழைய வகை மனச்சோர்வு மாத்திரைகளாலும் குறையும். ரத்த அழுத்தத்துக்குப் போடும் பீட்டா பிளாக்கர் மாத்திரைகள் கணக்கையே மாற்றிவிடும். சிங்கப்பூர் இந்தியர்களிடையே நீரிழிவு எவ்வளவு என்று சொல்ல வேண்டியதில்லை. அறுபது வயது அம்மாவின் கடிகாரம் 'அதிக மன அழுத்தம்' என்று காட்டினால், அது கவலையின் கணக்கா சர்க்கரையின் கணக்கா என்று கடிகாரத்துக்கே தெரியாது.

கறுத்த தோலுக்கு இது வேலை செய்யுமா என்றும் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி, தோலின் நிறமி பச்சை ஒளியை உறிஞ்சும். 2020இல் ட்யூக் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று பல நிறத்தவர்களிடம் பட்டைகளைச் சோதித்தபோது, இதயத் துடிப்பில் நிறத்தால் குறிப்பிடத்தக்க வேறுபாடு வரவில்லை. அசையும்போதுதான் பிழை அதிகமானது. ஆக்சிஜன் அளவு மட்டும் வேறு கதை. அதே 2020இல் அமெரிக்க மருத்துவமனைகளின் விரல் ஆக்சிஜன்மானிகளை ஆராய்ந்தவர்கள், ஆக்சிஜன் குறைந்திருந்தும் கருவி சரியாக இருப்பதாகக் காட்டியது கறுப்பின நோயாளிகளிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகம் என்று கண்டார்கள். எனவே இரவுத் துடிப்பை நம்பலாம். இரவு ஆக்சிஜனை வைத்துப் பயப்படவும் வேண்டாம், அலட்சியமாகவும் இருக்க வேண்டாம்.

மோதிரம்? அதே வேலையை விரலில் செய்கிறது. கையில் எதுவும் கட்டித் தூங்க முடியாதவருக்கு வசதி. விலை பல மடங்கு, சில கம்பெனிகள் மாதச் சந்தாவும் கேட்கின்றன. பதியும் தகவலில் அந்த விலைக்குரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

வியர்வையை அளப்பவை

மனம் பதறினால் உள்ளங்கை வியர்க்கும், வியர்த்தால் தோலில் மின்சாரம் சுலபமாக ஓடும். இந்தக் கொள்கை நூறாண்டுக்கும் மேல் பழையது. 2020இல் வந்த ஃபிட்பிட் சென்ஸ் கடிகாரம் அதை வீட்டுக்குள் கொண்டுவந்தது.

நம் ஊரில் இதற்கு முதல் எதிரி வானிலை. சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டும் ஊர் இது. தேக்காவில் காய்கறிப் பையோடு எம்ஆர்டி நிலையத்துக்கு நடந்தாலே சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ளும். உள்ளே ஏறியதும் குளிர்சாதனம் அதை ஐந்து நிமிடத்தில் காயவைத்துவிடும். மணிக்கட்டுத் தோல் வெயிலுக்குத்தான் அதிகம் வியர்க்கும். மனத்துக்கு வியர்ப்பது உள்ளங்கையும் விரல் நுனியும். மணிக்கட்டில் கட்டும் கருவியில் வெயில் எது, வேதனை எது என்று பிரிப்பது கஷ்டம்.

வெயிலையே கழித்துவிட்டாலும் இந்த அளவு காட்டுவது கிளர்ச்சியை மட்டும்தான். தைப்பூசத்தன்று காவடிக்கு முன்னால் உருமி மேளம் அடிக்கும்போது நிற்பவருக்கும், மேலதிகாரியிடம் திட்டு வாங்கிக்கொண்டு நிற்பவருக்கும் கோடு ஒரே மாதிரி எகிறும். முதல் ஆள் அன்றைக்கு வாழ்நாளின் சந்தோஷத்தில் இருக்கலாம்.

வியர்வையிலிருந்தே கார்ட்டிசோலை அளக்கும் ஒட்டுப்பட்டைகளும் ஆய்வகங்களில் இருக்கின்றன. ஸ்டான்ஃபோர்டில் 2018இலும் கால்டெக்கில் 2020இலும் முன்மாதிரிகள் வெளியாயின. அறிவியலாக அழகான வேலை. ஆனால் கார்ட்டிசோல் காலை எழுந்த அரை மணி நேரத்தில் உச்சத்துக்குப் போய் நள்ளிரவில் அடிமட்டத்துக்கு வரும் பொருள். எந்த நேரத்தில் அளந்தோம் என்று தெரியாத எண்ணுக்கு மதிப்பில்லை. தவிர, கேரலின் சோதனை விழுந்ததும் இதே கார்ட்டிசோலில்தான். இன்னும் சில வருடம் போகட்டும்.

தலையில் மாட்டுபவை

வீட்டு உபயோகத்துக்கு விற்கப்படும், மூளை அலையை அளக்கும் ஈஇஜி தலைப்பட்டைகள் தியானப் பயிற்சிக்காக வந்தவை. நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் சில மின்முனைகள், அவ்வளவுதான். கண் சிமிட்டினாலும் பல்லைக் கடித்தாலும் மூளை அலையைவிடப் பெரிய அலை வரும். தியானம் செய்ய ஆசை இருந்தால் வாங்குங்கள். நோயறிய வேண்டாம்.

ஈஇஜியைக் கண்டறிதலுக்கு உதவியாக ஏற்றுக்கொண்ட ஒரு சம்பவம் உண்டு. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏ 2013இல் 'நீபா' என்ற கருவிக்கு அனுமதி கொடுத்தது. 6 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளிடம் கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு இருக்கிறதா என்று பார்க்கும்போது, மருத்துவரின் மதிப்பீட்டோடு சேர்த்துப் பயன்படுத்தலாம் என்பதுதான் அனுமதி. தனியாகப் பயன்படுத்தச் சொல்லவில்லை. 2016இல் அமெரிக்க நரம்பியல் கழகம் அதற்கும் ஒரு படி மேலே போய், 'நீபா' கணக்கிடும் இரு மூளை அலைகளின் விகிதத்தை வைத்து நோயை உறுதிசெய்ய வேண்டாம் என்று அறிவுறுத்தியது. நரம்பியல் மருத்துவர்களே இப்படிச் சொல்லும்போது, தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ வருடத்தில் பிள்ளையின் தலையில் பட்டை மாட்டி 'கவன மதிப்பெண்' தருகிறோம் என்று யாராவது தொகுப்பு விற்றால் எழுந்து வந்துவிடலாம்.

அகச்சிவப்புக்கு அருகிலுள்ள ஒளியை நெற்றி வழியே செலுத்தி மூளையின் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் தொப்பி இதைவிடத் தீவிரமானது. ஜப்பானில் மனச்சோர்வு நிலைகளைப் பிரித்தறிய உதவியாக 2014இலிருந்து காப்பீடே இதற்குப் பணம் கொடுக்கிறது. சிங்கப்பூரிலும் மனச்சோர்வு உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2020இல் வெளியானது. ஓர் எழுத்தைச் சொல்லி, அதில் தொடங்கும் சொற்களை அடுக்கச் சொல்வார்கள். மனச்சோர்வு உள்ளவர்களின் முன்மூளையில் ரத்த ஓட்டம் அந்த நேரத்தில் குறைவாகவே கூடுகிறது. நம்பிக்கை தரும் வழிதான். ஆனாலும் அடர்ந்த கறுப்பு முடி ஒளியைத் தடுக்கும். சோதனை ஆங்கிலத்தில் என்றால், தமிழிலேயே வாழ்ந்த ஒரு பாட்டி திணறுவதற்கு நோய் காரணமாக இருக்க வேண்டியதில்லை. எப்படியும் இது மருத்துவமனைக்குரிய கருவி. நம் ஒப்பீட்டில் 'மருத்துவர் சொன்னால் செய்துகொள்ளலாம், தேடிப்போக வேண்டாம்' என்ற இடத்தில் வைக்கிறேன்.

ஏற்கெனவே பையில் இருப்பது

புதிதாக எதையும் வாங்காமல் கைத்தொலைபேசியையே உணரியாக்கும் வழியும் இருக்கிறது. எத்தனை மணிக்குக் கடைசியாகத் திரையைத் தொட்டார், எவ்வளவு தூரம் நடமாடினார், எந்த வேகத்தில் தட்டச்சு செய்தார் என்பதெல்லாம் தடயம். மனநலக் கழகமும் சுகாதார அமைச்சின் உருமாற்ற அலுவலகமும் சேர்ந்து 'ஹோப்ஸ்' என்ற ஆய்வில் மனச்சிதைவு நோயாளிகளிடம் தொலைபேசியையும் கைப்பட்டையையும் இணைத்து இதைச் செய்துபார்த்தன. நோய் ஏற்கெனவே தெரிந்தவர்களிடம், மறுபடி முற்றப்போகிறதா என்று முன்கூட்டி அறிவதுதான் அங்கே நோக்கம். எனக்கு மிகவும் பொருத்தமாகப் படும் பயன்பாடும் அதுவே.

வியாபாரமாக இது எளிதில்லை. அமெரிக்க தேசிய மனநலக் கழகத்தின் தலைவராக இருந்த தாமஸ் இன்செல் பதவியை விட்டுக் கூகுள் பக்கம் போய், பிறகு சேர்ந்து தொடங்கிய 'மைண்ட்ஸ்ட்ராங்' கம்பெனி, தட்டச்சு வேகத்திலேயே மனநிலையைப் படிக்கலாம் என்ற நம்பிக்கையில் எழுந்தது. 2023இல் மூடப்பட்டது.

ஆப்பிள் செய்ததும் கவனிக்கத்தக்கது. உடம்பு முழுக்க உணரிகளைத் திணித்த கடிகாரம் அவர்களுடையது. 2023இல் மனநலத்துக்கென்று தங்கள் செயலியில் அவர்கள் சேர்த்தது என்ன தெரியுமா? மனநிலையை நாமே குறித்துக்கொள்ளும் பக்கமும், மருத்துவமனைகளில் கொடுக்கும் அதே கேள்வித்தாள்களும்தான். அவற்றில் ஒன்று மனச்சோர்வுக்காக 2001இல் வெளியான பிஎச்கியூ-9. ஒன்பது கேள்வி, 0 முதல் 27 வரை மதிப்பெண். 10ஐ எல்லையாக வைத்தால் நோய் உள்ளவர்களில் 88 விழுக்காட்டினரைப் பிடிக்கிறது, இல்லாதவர்களில் 88 விழுக்காட்டினரை விடுகிறது என்று அந்த முதல் ஆய்வு காட்டியது. தமிழிலும் இருக்கிறது, காசும் கிடையாது. நன்யாங் ஆய்வில் பட்டைக்குப் பரீட்சை வைத்ததும் இந்தத் தாளை வைத்துத்தான். உரைகல்லே இலவசமாகக் கிடைக்கிறது.

படபடப்புக்கு மட்டும் வேறு பதில்

"திடீரென்று நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது, செத்துவிடுவேன் போல இருக்கிறது, பத்து நிமிடத்தில் சரியாகிவிடுகிறது" என்பவர்களுக்கு ஈசிஜி எடுக்கும் கடிகாரம் பயன்படும். காரணம், அது பீதி நோயா இதயத்தின் மின்சுற்றுக் கோளாறா என்பதைக் காட்டும் தடயம் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்வதற்குள் மறைந்துவிடும். 1997இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், திடீர் மிகைத்துடிப்புக் கோளாறு உறுதியான 107 நோயாளிகளில் 67 விழுக்காட்டினருக்கு பீதி நோயின் அடையாளங்கள் அத்தனையும் பொருந்தின. இவர்களுக்கு "டென்ஷன் ஆகாதீங்க" என்று சொல்லி அனுப்பினால் எப்படி இருக்கும்! படபடப்பு வந்த நிமிடத்திலேயே விரலைக் கடிகாரத்தில் வைத்து 30 விநாடிப் பதிவு எடுத்தால், இதய மருத்துவர் அதைப் பார்த்து ஒரு பக்கம் முடிவெடுக்கலாம். இங்கே கருவி மனநோயைக் காட்டவில்லை; அது மனநோய்தானா என்ற சந்தேகத்தைத் தீர்க்க உதவுகிறது. வாங்கும் முன், அந்த ஈசிஜி வசதி சுகாதார அறிவியல் ஆணையத்தின் மருத்துவச் சாதனப் பதிவேட்டில் இருக்கிறதா என்று இணையத்தில் பார்த்துவிடுங்கள். பொதுவான உடல்நலத்துக்கு என்று மட்டும் விற்கப்படும் கருவிகள் அந்தப் பதிவுக்குள் வருவதில்லை. பெட்டியில் பொடி எழுத்தில் 'நோயறிவதற்கு அன்று' என்று போட்டிருப்பதன் பொருள் அதுதான்.

நெஞ்சுவலி, மயக்கம் என்றால் கடிகாரத்தைத் தேடிக்கொண்டிருக்காமல் 995ஐ அழையுங்கள்.

யாருக்காக வாங்குகிறீர்கள்?

அம்மாவுக்கு என்றால், நான் கருவியே வேண்டாம் என்பேன். நம் வீட்டுப் பெரியவர்கள் "மனசு சரியில்லை" என்று சொல்வது அபூர்வம். "உடம்பு முடியல", "தலை பாரமா இருக்கு", "கை கால் அசதி" என்றுதான் வரும். அந்தக் காசில் முதலில் பலதுறை மருந்தகத்துக்குப் போய் தைராய்டு, ஹீமோகுளோபின், வைட்டமின் பி12 மூன்றையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். தைராய்டு குறைந்தால் மனச்சோர்வு போலவே இருக்கும். சைவம் சாப்பிடுபவர்களுக்கு பி12 குறைய வாய்ப்பு அதிகம். நீரிழிவுக்காக மெட்ஃபார்மின் நீண்ட நாள் சாப்பிட்டாலும் குறையும். இரண்டும் சேர்ந்தவர்கள் நம் குடும்பங்களில் எத்தனை பேர்! மனநிலை மாற்றத்துக்கு உடம்பில் காரணம் தேட வேண்டுமென்றால், இன்றைய தேதியில் இதைவிட நம்பகமான அளவு எந்தக் கைப்பட்டையிலும் இல்லை.

தேசிய சேவையில் இருக்கும் பையன், பல்கலைக்கழகம் போகும் பெண் என்றால் கைப்பட்டை நல்லதுதான், அவர்களே விரும்பினால். எங்கள் புளோக்கில் ஓர் அக்கா மின்தூக்கிக்குக் காத்திருக்கும்போது கேட்டார்: "தம்பி, இவன் ராத்திரி எல்லாம் முழிச்சிருக்கான். ஸ்ட்ரெஸ் காட்டுற வாட்ச் ஒண்ணு வாங்கிக் கொடுத்துட்டு, அதை என் போன்ல பாக்குற மாதிரி செஞ்சு தர்றியா?"

"முடியும்க்கா. ஆனா அவனுக்குத் தெரிஞ்சா வாட்சைக் கழட்டி வெச்சுருவான், அப்புறம் உங்ககிட்ட பேசவே மாட்டான். நேரா கேட்டுப் பாருங்களேன்."

"கேட்டா ஒண்ணும் இல்லம்மாங்கறான்ப்பா."

அப்படிச் சொல்லும் பிள்ளைகளுக்கென்றே மனநலக் கழகத்தின் 'சாட்' இருக்கிறது. 16 முதல் 30 வயது வரை, இலவச மதிப்பீடு, ரகசியம் காக்கப்படும். அக்காவுக்கு அதைத்தான் சொன்னேன்.

சுழற்சி முறையில் வேலை செய்பவர்கள், அதாவது தாதியர், பாதுகாவலர், பேருந்து ஓட்டுநர், பட்டை வாங்கினால் அது தரும் மதிப்பெண்ணைப் பார்க்கவே வேண்டாம். இரவு வேலைக்காரரின் தூக்கத்தை அது எப்போதும் 'மோசம்' என்றுதான் சொல்லும். இரவு வேலை வாரத்தை இன்னோர் இரவு வேலை வாரத்தோடு ஒப்பிடுங்கள். தங்கும் விடுதியில் இருக்கும் வெளிநாட்டு ஊழியர்களுக்கு நான் எதையும் வாங்கச் சொல்வதில்லை. ஊருக்கு அனுப்பும் காசில் கைவைக்கும் அளவுக்கு இது உதவாது. ஹெல்த்சர்வ் அமைப்பில் அவர்கள் மொழியிலேயே பேச ஆள் இருக்கிறார்கள்.

ஏற்கெனவே இருதுருவக் கோளாறோ திரும்பத் திரும்ப வரும் மனச்சோர்வோ உறுதியானவர் என்றால், கைப்பட்டை வாங்குவதற்கு இதைவிட நல்ல காரணம் கிடையாது. எந்த மாற்றம் வந்தால் யாரை அழைப்பது என்று மருத்துவரோடு முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கும்போது பளபளப்பைப் பார்க்க வேண்டாம். பேட்டரி ஒரு வாரமாவது நிற்க வேண்டும்; தினமும் சார்ஜ் போட வேண்டிய கடிகாரம் இரவில் மேசையில்தான் தூங்கும். பல மாதப் பதிவை ஒரே பக்கத்தில் காட்டவோ கோப்பாக எடுக்கவோ முடிய வேண்டும். இவ்வளவுக்கு 100 வெள்ளிக்குள்ளேயே கிடைக்கிறது. தேசியக் காலடிச் சவாலில் சுகாதார மேம்பாட்டு வாரியம் கொடுத்த பட்டை இழுப்பறையில் கிடந்தால் முதலில் அதைக் கட்டிப் பாருங்கள். மருத்துவரிடம் போகும்போது தொலைபேசியை நீட்டாமல், படுத்த நேரம், எழுந்த நேரம், காலடிகள் ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எடுத்துப் போங்கள். பத்து நிமிட ஆலோசனையில் ஒரு தாளைத்தான் பார்க்க முடியும்.

சிகிச்சைச் செலவைப் பற்றி ஒரு வார்த்தை. மனச்சோர்வு, பதற்றக் கோளாறு, இருதுருவக் கோளாறு, மனச்சிதைவு நான்கும் நாட்பட்ட நோய் நிர்வாகத் திட்டத்தில் இருப்பதால் மருத்துவச் சேமிப்பான மெடிசேவைப் பயன்படுத்தலாம். பலதுறை மருந்தகத்தின் பரிந்துரைக் கடிதத்தோடு போனால் சிறப்பு மருத்துவரிடம் கட்டணச் சலுகை கிடைக்கும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருந்தால் எந்த ஒப்பீடும் வேண்டாம்: மனநலக் கழகத்தின் 6389 2222 எண்ணும் தேசிய மனநல உதவி எண்ணான 1771உம் 24 மணி நேரமும் இயங்குகின்றன. அவசரச் சிகிச்சைப் பிரிவும் புவாங்கோக்கில் இரவு பகல் திறந்திருக்கிறது. தற்கொலை முயற்சி 2020 ஜனவரி முதல் குற்றமில்லை என்பதையும் நம் பெரியவர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. "போலீஸ் கேஸ் ஆகிவிடும்" என்று இன்னும் பயப்படுகிறார்கள்.

தகவல் யார் கையில்?

கருவிகளுக்குள் எதைத் தேர்ந்தெடுத்தாலும் இந்தக் கேள்வி மிஞ்சும். மருத்துவரின் குறிப்பேட்டுக்கு இருக்கும் பாதுகாப்பு கடையில் வாங்கிய பட்டையின் செயலிக்கு அப்படியே கிடையாது. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும்தான். ஆனால் நாம் 'ஒப்புக்கொள்கிறேன்' என்று அழுத்திய இடத்தில் நிறைய விட்டுக்கொடுத்திருப்போம்.

நிறுவனம் இலவசமாகக் கொடுக்கும் பட்டையில் இன்னும் கவனம் தேவை. மனநல நிலையைக் காரணம் காட்டி வேலையில் பாகுபடுத்துவதைத் தடுக்கும் வேலையிட நியாயத்தன்மைச் சட்டம் 2025 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. 25க்கும் குறைவான ஊழியர்கள் உள்ள நிறுவனங்களுக்கு முதலில் விலக்கு உண்டு. சட்டம் இருக்கிறது என்பதற்காக உங்கள் மூன்று மணித் தூக்கத்தை மனிதவளப் பிரிவுக்கு அனுப்பிவைக்க வேண்டியதில்லை. குழுவாகச் சேர்த்துப் பார்க்கிறார்களா, ஆள்வாரியாகப் பார்க்கிறார்களா என்று எழுத்தில் கேளுங்கள். சுற்றி வளைத்துப் பதில் வந்தால், பட்டையை அலுவலக மேசையிலேயே விட்டுவிட்டு, சொந்தக் காசில் ஒன்றை வாங்கி, சொந்த மின்னஞ்சலில் கணக்குத் தொடங்குங்கள்.